கண்டக்டர் இல்லாத ஆர்க்கெஸ்ட்ரா: எப்படிச் சேர்ந்து வாசிக்கிறார்கள்?

ஜெர்சிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. போன வாரம் நியூயார்க் கார்னகி ஹாலில் ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவைக் கேட்கப் போயிருந்தேன். எல்லோரும் மேடைக்கு வந்தார்கள், உட்கார்ந்தார்கள், சுதி சேர்த்தார்கள். இனி முன்னால் நின்று கையசைத்து நடத்தும் கண்டக்டர் வருவார் என்று நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. அவர் ஏறி நிற்கும் பலகையே மேடையில் கிடையாது.

எனக்கு முன்வரிசையில், ஓரத்தில் இடம் கிடைத்திருந்தது. முதல் வயலின்காரர் தோளைக் கொஞ்சம் தூக்கி மூக்கால் மூச்சை இழுத்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அதே நொடியில் பின்னால் இருந்தவர்களின் தோள்களும் ஏறின. பிறகு அத்தனை வில்லும் ஒன்றாக இறங்கியது. உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்த உருப்படிக்கு அந்த நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார், முன்னால் இருந்தவர் இரண்டு வரிசை பின்னால் போய்விட்டார்.

இரண்டு நாளாக இதே யோசனைதான். இது எப்படி முடிகிறது? நிஜமாகவே தலைவர் இல்லையா, இல்லை நம் கண்ணுக்குத் தெரியாமல் ஒருவர் இருக்கிறாரா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருவொற்றியூரான்

நல்ல கேள்வி அண்ணா. நான் இன்னும் ஒரு படி கீழேயிருந்து கேட்கிறேன். கண்டக்டர் இருந்தால் அவர் என்ன செய்கிறார்? 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராஜா சாரின் சிம்பொனி அரங்கேறியபோது வந்த துண்டுக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நடத்தியவரின் கை ஒரு பக்கம் தாளம் போடுகிறது, இன்னொரு பக்கம் எதையோ கெஞ்சிக் கேட்கிற மாதிரி இருக்கிறது. அது புரிந்தால்தானே அவர் இல்லாமல் போனால் எது குறையும் என்று புரியும்?

கம்பிவில்

சென்னையில் 20 வருஷத்துக்கு மேல் ரெக்கார்டிங் தியேட்டர்களில் வயலின் வாசிக்கிறவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கண்டக்டரின் கை முக்கியமாக மூன்று வேலை செய்கிறது. எப்போது ஆரம்பிக்க, எந்த வேகத்தில் போக, யார் சத்தம் மேலே வர, யாருடையது அடங்க. ஆனால் முக்கால்வாசி வேலை மேடைக்கு வருவதற்கு முன்பே, ரிஹர்சலில் முடிந்துவிடும். ஷீட்டில் ‘மெதுவாக’ என்று போட்டிருக்கும். எவ்வளவு மெதுவாக என்று நாற்பது பேரிடம் கேட்டால் நாற்பது பதில் வரும். அதில் ஒன்றை எடுத்து முடிவு சொல்ல ஒருவர் வேண்டும். அதற்குத்தான் அவர்.

சினிமா ரெக்கார்டிங்கில் இப்போது காதில் ஹெட்போன், அதில் கிளிக். டிக் டிக் என்று அது போய்க்கொண்டே இருக்கும், பக்கத்தில் இருப்பவர் எப்படி வாசிக்கிறார் என்று கேட்காமலே ஒரு டேக்கை முடித்துவிடலாம். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஒரு நாள் கிளிக் நின்றுபோய், எஞ்சினியர் சரிசெய்யும்வரை நாங்கள் எட்டுப் பேர் சும்மா இருக்க வேண்டாமே என்று அதே வரியை வாசித்துப் பார்த்தோம். நாலு பார் (தாளக் கட்டம்) தாண்டவில்லை. எட்டு வருஷமாக ஒரே ஸ்டாண்டில் என்னோடு உட்கார்ந்திருக்கிற பெண் எந்த இடத்தில் வில்லைத் திருப்புகிறாள் என்றே எனக்குத் தெரியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜெர்சிக்காரன் சொன்ன அந்த மூச்சு ரொம்ப முக்கியம். எவ்வளவு நேரம் இழுக்கிறோமோ அதுதான் வேகம். எவ்வளவு வேகமாகத் தோள் ஏறுகிறதோ அதுதான் அழுத்தம். மெதுவான பாட்டுக்கு யாரும் சுருக்கென்று மூச்சு இழுக்க மாட்டார்கள். வயலினின் சுருள் தலை லேசாக மேலே போய் இறங்கும், அதுவும் ஒரு சைகை.

இன்னொரு விஷயம். காதை மட்டும் நம்பினால் கெட்டோம். ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். 10 மீட்டர் தள்ளி இருக்கும் டபுள் பாஸின் (ஆளுயர வயலின் மாதிரியான வாத்தியம்) சத்தம் என் காதுக்கு வர ஏறத்தாழ 30 மில்லிநொடி ஆகும். அதைக் கேட்டபிறகு நான் வாசித்தால் நான் தாமதம், என்னைக் கேட்டு வாசிப்பவர் இன்னும் தாமதம், இப்படியே வேகம் உட்கார்ந்துகொண்டே போகும். அதனால் ஆரம்பங்களைக் கண்ணால் பிடிக்க வேண்டும். கண்டக்டர் இல்லாத குழுக்கள் பெரும்பாலும் சின்னதாக, வளைவாக, நெருங்கி உட்காருவதற்கு இதுவும் காரணம்.

மாஸ்கோவில்_படித்தவன்

இந்த விவாதத்தில் பெர்சிம்ஃபான்ஸ் பெயர் வராமல் போகக்கூடாது. ‘முதல் சிம்பொனிக் குழு’ என்பதற்கான ரஷ்யச் சொற்களின் முன்னெழுத்துகளைச் சேர்த்து வந்த பெயர். 1922 பிப்ரவரியில் மாஸ்கோவில் முதல் கச்சேரி, பீத்தோவன் படைப்புகள். தொடங்கியவர் வயலின் கலைஞர் லெவ் த்செய்த்லின். புரட்சி முடிந்து ஐந்தாவது ஆண்டுகூட நிறையவில்லை. தொழிற்சாலையில் முதலாளி இல்லை என்றால் இசைமேடையில் மட்டும் எதற்கு ஒரு எஜமானன் என்று கேட்டு, அதைச் செய்தே காட்டினார்கள். சேம்பர் குழு என்கிற சின்ன அளவில் இல்லை, முழு சிம்பொனி அளவில்.

ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வட்டமாக உட்கார்ந்தார்கள். அதனால் சிலருடைய முதுகுதான் ரசிகர்களுக்குத் தெரியும். அன்றைய ஐரோப்பியக் கச்சேரி மரியாதையில் இது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். மாஸ்கோவின் மிகச் சிறந்த வாத்தியக்காரர்கள், போல்ஷோய் தியேட்டர் ஆர்க்கெஸ்ட்ராவைச் சேர்ந்தவர்கள் உட்பட, அதில் இருந்தார்கள். பெரிய அரங்குகளோடு நிற்காமல் தொழிலாளர் மன்றங்களுக்கும் போய் வாசித்தார்கள். தங்களுக்கென்று ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள்.

1927-ல் ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ், நாட்டை விட்டுப்போய் ஒன்பது ஆண்டுக்குப் பிறகு, சோவியத் மண்ணுக்குத் திரும்பி வந்து இவர்களோடுதான் தன் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை வாசித்தார். அவர் கவனித்துச் சொன்ன விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது. கஷ்டமான இடங்கள் இவர்களுக்குச் சுலபமாக வந்தனவாம், ஏனென்றால் ஒவ்வொருவரும் தன்னைத் தனிக் கலைஞராகவே நினைத்துத் துல்லியமாக வாசித்தார்கள். திணறியது வேகம் மாறும் இடங்களில். அங்கே அத்தனை பேரும் ஒரே மாதிரி உணர வேண்டுமே.

லெனின்கிராடிலும் கீவிலும் இதைப் பார்த்துக் குழுக்கள் முளைத்தன. நியூயார்க்கிலும் லைப்சிக்கிலும்கூட. ஆனால் 1929-ல் கட்சி, தொழிற்சாலைக்கு ஒரே நிர்வாகி, அவர் சொல்வதே முடிவு என்று தீர்மானம் போட்டது. காலமே திரும்பிவிட்டது. 1932-ல் பெர்சிம்ஃபான்ஸ் கலைந்தது. 2008-ல் மாஸ்கோ இளைஞர்கள் அதே பெயரில் மறுபடி உயிர் கொடுத்திருக்கிறார்கள். அங்கே படித்த காலத்தில் இந்தக் கதையை விடுதியில் ஒரு முதியவர் சொல்லித்தான் முதலில் கேட்டேன். அவர் அந்த வட்டத்தை மேசைமேல் தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டினார்.

நேர்கோடு

தோழர் அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் போதாது. பிரெஞ்சு இசையமைப்பாளர் டாரியுஸ் மியோ மாஸ்கோ போய் இவர்களைக் கேட்டார். மிக நன்றாக வாசிக்கிறார்கள், ஆனால் ஒரு கண்டக்டர் இருந்தால் இதே பலன் கொஞ்சம் சீக்கிரம் கிடைத்திருக்கும் என்பதுதான் அவர் கருத்து. எனக்கும் அதே எண்ணம்தான். த்செய்த்லின் கண்டக்டர் இல்லையா? குச்சி கையில் இல்லை, அவ்வளவுதான். முதல் நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரும் யாரைப் பார்த்தார்களோ அவர்தான் தலைவர். பெயரை மாற்றிவிட்டால் அதிகாரம் போய்விடுமா?

ஜெர்சிக்காரன்

> பெயரை மாற்றிவிட்டால் அதிகாரம் போய்விடுமா?

இதே சந்தேகத்தோடுதான் ஆர்ஃபியஸ் பற்றித் தேடிப் படித்தேன். 1972-ல் ஜூலியன் ஃபைஃபர் என்ற செல்லோ கலைஞரும் நண்பர்களும் தொடங்கியது. ஆரம்பத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் பேசினார்களாம். ஒரு வரியை எப்படி வாசிப்பது என்று முப்பது பேர் பேசினால் பொழுது எங்கே போகும்? அதனால் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் ஐந்து முதல் பத்துப் பேர் கொண்ட ஒரு சிறு குழு. அவர்கள் முதலில் தனியாக உட்கார்ந்து வேகம், அழுத்தம், எந்த வரி முன்னால் நிற்க வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்து வாசித்துப் பார்ப்பார்கள். பிறகுதான் மற்றவர்கள் சேருவார்கள். அப்போதும் பின்வரிசையில் இருப்பவர் நிறுத்தி, ‘இது சரியாக வரவில்லை’ என்று சொல்லலாம். ரிஹர்சல் நடக்கும்போதே யாராவது ஒருவர் எழுந்து அரங்கின் நடுவில் போய் நின்று கேட்டு, ‘ஹார்ன் அமுக்கிவிடுகிறது’ என்பது போல வந்து சொல்வார்.

அடுத்த உருப்படிக்கு அந்தச் சிறு குழு மாறிவிடும், முதல் நாற்காலியும் மாறிவிடும். நான் பார்த்தது அதைத்தான். ஆக, தலைவர் இருக்கிறார். ஆனால் இன்றைக்குத் தலைவராக இருப்பவர் அடுத்த அரை மணியில் இன்னொருவர் சொல்வதைக் கேட்டு வாசிக்க வேண்டியவர். அது த்செய்த்லின் நாற்காலியிலிருந்து வேறுபட்டது இல்லையா?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஹார்வர்டின் ரிச்சர்ட் ஹேக்மன் பல தொழில்களில் இருப்பவர்களின் வேலைத் திருப்தியை ஒப்பிட்டார். பெரிய சிம்பொனி வாத்தியக்காரர்கள் 13 பிரிவுகளில் ஏழாவது இடம், சிறைக் காவலர்களுக்கும் ஒரு படி கீழே. முதலிடத்தில் யார் தெரியுமா? நாலே பேர் வாசிக்கும் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் கலைஞர்கள். அதே வயலின், அதே மோட்சார்ட்.

கம்பிவில்

ஜெர்சிக்காரன் தம்பி, அந்தக் கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். உண்மைதான் தம்பி. வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

பழையசங்கதி

கண்டக்டர் இல்லாமல் வாசிப்பது ஏதோ புதுமை என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நடந்தது நேர்மாறு. 1791-ல் இசையமைப்பாளர் ஹைடன் லண்டன் போனபோது, அவரை அழைத்துப்போன சாலமன் வயலினோடு முன்னால் இருந்து நடத்தினார், ஹைடன் கீபோர்ட் வாத்தியத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் குச்சியோடு, எதுவும் வாசிக்காமல் நிற்கிற ஒருவர் பொதுவழக்கமானது 19-ஆம் நூற்றாண்டில்தான். 1835-ல் இசையமைப்பாளர் மெண்டல்சோன் லைப்சிக் போகும்வரை அங்கே சிம்பொனிகளைக் கான்செர்ட்மாஸ்டர் என்கிற முதல் வயலின்காரர்தான் தன் வயலினிலிருந்து நடத்திக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஆங்காங்கே தாளம் தட்டுபவர்கள் உண்டு. பாரிஸில் இசையமைப்பாளர் லுல்லி 1687-ல் நீளமான கோலால் தரையில் தட்டும்போது தன் காலிலேயே குத்திக்கொண்டு, அது சீழ் பிடித்து இறந்துபோனார்.

எழுதிய இசை பெரிதாகப் பெரிதாக, நூறு பேர் மேடையேற, நடுவில் வேகம் பத்துத் தடவை மாற, அப்போதுதான் அந்த மனிதர் தேவைப்பட்டார். ஆகவே ஹைடனையும் மோட்சார்டையும் கண்டக்டர் இல்லாமல் வாசிப்பது அந்த இசை பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போவது மாதிரி. செக் நாட்டின் பிராக் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா 1951 முதல் அப்படித்தான் வாசித்தது.

தவில்ரசிகன்

நம் கச்சேரியில் எந்தக் கண்டக்டர் இருக்கிறார்? நாதஸ்வரக்காரர் எந்த சங்கதியைப் பிடிப்பார் என்று தவில்காரருக்கு முன்கூட்டித் தெரியாது, ஆனால் தீர்மானம் (முடித்துக் கட்டும் ஜதி) இடத்துக்கு வந்து சேரும். இதை ஏன் ஆச்சரியமாகப் பேசுகிறோம்?

கம்பிவில்

ஐயா, நானும் கர்நாடக சங்கீதம் படித்துத்தான் இங்கே வந்தேன். நீங்கள் சொல்வது சரி, ஆனால் இரண்டும் வேறு வேலை. நம் கச்சேரியில் ஒரு பிரதானக் கலைஞர் உண்டு, மற்றவர்கள் அவரைத் தொடர்கிறார்கள். தாளம் கையிலோ ஜால்ராவிலோ வெளியே தெரிய ஓடுகிறது, அதன் வேகமும் பெரும்பாலும் மாறாது. அங்கே ஒரு ராகவரி. ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு வரிகள், தாளத்தை வெளியே காட்டுகிறவர் யாரும் இல்லை, வேகமும் இழுபடும், நிற்கும், பாயும். ஒருவர் அரை மாத்திரை தவறினால் ராகம் கெடாது, அடுக்கு சரியும். நம்முடைய பழக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று இருக்கிறது: ஷீட்டைப் பார்க்காமல் முகத்தைப் பார்ப்பது.

நேர்கோடு

சரி, ஹைடன் மோட்சார்ட் வரை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’? பாருக்குப் பார் தாளமே மாறுகிற படைப்பு. அங்கே என்ன செய்வார்கள்?

மாஸ்கோவில்_படித்தவன்

அதையும் வாசித்திருக்கிறார்கள். பிரான்ஸில் வயலின் கலைஞர் டேவிட் கிரிமால் 2004-ல் தொடங்கிய ‘லே திசொனான்ஸ்’ குழு அந்தப் படைப்பை முழு ஆர்க்கெஸ்ட்ராவாகக் கண்டக்டர் இல்லாமல் மேடையேற்றியது. இத்தாலியின் ஃபோர்மிஜினே ஊரை வீடாகக் கொண்ட ‘ஸ்பிரா மிராபிலிஸ்’ இன்னொரு வழி. ஒரு சந்திப்புக்கு ஒரே ஒரு படைப்பு. பல நாள் அதை மட்டுமே பிரித்துப் பிரித்து வாசித்து, கச்சேரியிலும் அதை மட்டுமே வாசிப்பார்கள். நீங்கள் முன்பு சொன்ன ‘சீக்கிரம்’ என்பதுதான் இங்கே கேள்வி. நேரம் கூடத்தான் ஆகும். ஆனால் அந்த நேரத்தில் ஒவ்வொருவரும் முழு ஸ்கோரையும், அதாவது எல்லோருடைய வரிகளையும், படித்துவிடுகிறார்கள். கண்டக்டர் இருந்தால் அது அவர் ஒருவர் தலையில் மட்டும் இருக்கும்.

நேர்கோடு

நேரத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று கேட்க வந்தேன். கேட்டுவிட்டு, நீங்கள் சொன்ன அந்தக் கடைசி வரியை யோசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லா ஆர்க்கெஸ்ட்ராவும் இப்படி மாற முடியாது என்பதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் எல்லா வாத்தியக்காரரும் வாழ்க்கையில் ஒரு முறையாவது இப்படி வாசிக்க வேண்டும் என்றால் அதற்கு நான் எதிர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பழையசங்கதி

காலியான மேடையைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1954-ல் கண்டக்டர் டோஸ்கனினி ஓய்வு பெற்றதும் அவருக்காகவே உருவான என்பிசி சிம்பொனியை அந்த அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் கலைத்துவிட்டது. வாத்தியக்காரர்கள் கலைய மறுத்தார்கள். ‘சிம்பொனி ஆஃப் தி ஏர்’ என்று பெயர் வைத்துக்கொண்டு அதே அக்டோபரில் கார்னகி ஹாலில் கண்டக்டர் இல்லாமல் வாசித்தார்கள். அவர் நிற்கும் இடத்தை அப்படியே காலியாக விட்டிருந்தார்கள். த்வோர்ஷாக்கின் ‘புதிய உலகம்’ சிம்பொனியை அவர்கள் அப்படி வாசித்த ஒலிப்பதிவு இருக்கிறது, கேளுங்கள். பதினேழு வருஷம் அந்தக் கிழவரிடம் திட்டு வாங்கி வாங்கி அவர் வேகம் அவர்கள் கையிலேயே தங்கிவிட்டது. நியூயார்க் பில்ஹார்மோனிக்கும் தன் பழைய கண்டக்டர் பெர்ன்ஸ்டைன் மறைந்த பிறகு அவருடைய ‘கேண்டீட்’ முன்னுரை இசையை அவர் நினைவாகக் கண்டக்டர் இல்லாமல் வாசிப்பதை வழக்கமாக வைத்திருக்கிறது. அங்கே கண்டக்டர் இல்லை என்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

ஸ்காபரோ_அம்மா

இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இண்டைக்கு எழுதுறன். என்ட மகள் இங்க கனடாவில வியோலா வாசிக்கிறாள். அவவோட பதினொரு பிள்ளையள், எல்லாரும் பதின்மூண்டு, பதினாலு வயசு. அவையின்ட ரீச்சர் ரெண்டு மாதம் வர ஏலாமப் போச்சுது. வேற ஆள் தேடாமல், பிள்ளையள் தாங்களாவே மோட்சார்டின்ட ‘ஐனே க்ளைனே நாக்ட்முசிக்’ வாசிக்கப் போறம் எண்டு நிண்டிச்சினம். எங்கட வீட்டு பேஸ்மென்ரிலதான் பழகினவை.

முதல் நாலு பாரும் எல்லாருக்கும் ஒரே வரிதான், சுகமா இருக்கும் எண்டு நினைச்சன். இல்லை. இடையில குட்டிக் குட்டி நிறுத்தங்கள் வருகுது. சத்தம் இருக்கேக்க எல்லாரும் ஒண்டா இருக்கினம், சத்தம் நிண்ட உடன ஒவ்வொரு பிள்ளையும் தன்ட மனசுக்குள்ள வேற வேற வேகத்தில எண்ணுது. திரும்ப வரேக்க பதினொரு இடத்தில வந்து விழுகினம். முதல் கிழமை முழுக்கச் சண்டை. ஒரு பெடியன் வயலினைப் பெட்டிக்குள்ள வைச்சிட்டு வெளியில போய்ப் பனிக்குள்ள நிண்டவன்.

பிறகு செல்லோ வாசிக்கிற பிள்ளை சொன்னா, கதிரையளைத் திருப்பிப்போட்டு எல்லாரும் சுவரைப் பாத்து இருப்பம் எண்டு. முகம் தெரியாது, மூச்சு மட்டும்தான் கேக்கும். நான் படியில இருந்து பாத்துக்கொண்டிருந்தனான். மூண்டாம் தரம் அந்த நிறுத்தத்தில பதினொரு பேரும் ஒண்டா மூச்செடுத்தினம். ஹீற்றர் சத்தம் ஒண்டைத் தவிர வேற ஒண்டும் இல்லை. பிறகு அந்த அடுத்த சுரம் ஒரே ஆள் வாசிச்ச மாதிரி வந்திச்சுது. திரும்பிப் பாத்துச் சிரிச்சவை. மகள் என்னைப் பாத்த பார்வையை நான் எழுத மாட்டன்.

கம்பிவில் அக்கா, ஒரு உதவி. வாற கிழமை ரெண்டாம் பகுதி தொடங்கினம், அந்த ‘ரொமான்ஸ்’. அது பாரின்ட நடுவிலயே தொடங்குது. எப்பிடிச் சேர்ந்து தொடங்கிறது எண்டு கேக்கினம்.

கம்பிவில்

ஸ்காபரோ அம்மா, பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லுங்கள். முதல் வயலின் வாசிக்கிற பிள்ளை மட்டும் மூச்சு எடுத்தால் போதாது. அந்தப் பாரின் முதல் பாதியை, வாசிக்காத அந்தப் பாதியை, எல்லோரும் வாய்க்குள் பாடிவிட்டுத்தான் மூச்சு இழுக்க வேண்டும். மூச்சு நீளமாக, அவசரமில்லாமல், வில் கம்பியைத் தொட்டபடி இருக்கட்டும். மேலே தூக்கி இறக்க வேண்டாம், அது சத்தமான இடத்துக்கு உரியது. முதல் நாள் வாத்தியத்தைத் தொடாமல் பாடி மட்டும் பழகட்டும். ஒருவர் வரியை இன்னொருவர் பாடட்டும், முக்கியமாக வயலின்காரர்கள் வியோலா வரியைப் பாடட்டும்.

பனியில் போய் நின்ற அந்தத் தம்பி திரும்பி வந்துவிட்டானா?

ஸ்காபரோ_அம்மா

வந்திட்டான் அக்கா. இப்ப அவன்தான் முதல் வயலின். இந்தக் கிழமைக்கு மட்டும்.